இல்லாத காலை மிதித்த கதை

பிளாஸ்டர் கலக்குவது எப்படி, அச்சு எடுப்பது எப்படி, முட்டிக்குக் கீழே எவ்வளவு சாய்வு வைப்பது என்பதையெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. இப்போது கம்ப்யூட்டரே அளவெடுத்து வெட்டிக் கொடுத்துவிடுகிறதாம். நல்லது. பிளாஸ்டர் தூளைச் சுவாசித்துச் சுவாசித்து நான் இருமிய இருமல் என்னோடு போகட்டும், உங்களுக்கு வேண்டாம்.

ராயபுரத்தில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியின் செயற்கைக் கால் பிரிவில் என் உத்தியோகம் முழுவதும் கழிந்தது. கலாவதி என்ற பெயரை ரேஷன் கார்டில்தான் பார்க்கலாம். காசிமேட்டில் மீன் வாங்கப் போனால்கூட "கால்காரம்மா வர்றாங்க, நல்லதா எடுத்துப் போடு" என்பார்கள். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ரிடையர் ஆன பிறகும் அது குறையவில்லை.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நான் கேட்க நினைப்பது ஒன்றுதான். எதிரே உட்கார்ந்திருப்பவர் இல்லாத காலில் வலிக்கிறது என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? உங்கள் பாடப் புத்தகத்தில் அதற்கு ஒரு பக்கம் இருக்கும். மூளைக்குள் உடம்பின் வரைபடம் ஒன்று இருக்கிறது, கால் போனாலும் வரைபடத்திலிருந்து கால் போவதில்லை என்று படம் போட்டு விளக்கியிருப்பார்கள். அதில் தப்பே கிடையாது. படியுங்கள், பரீட்சையில் எழுதுங்கள், மார்க் வாங்குங்கள். அதை நோயாளியிடம் ஒப்பித்துவிட்டு வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போய்விடாதீர்கள். எங்கள் சர்ஜன் அப்படித்தான் டீ குடிக்கப் போனார்.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இந்த வயதிலும் ஆட்டோ பிடித்துச் சண்டைக்கு வந்துவிடுவார். இந்தத் தொழிலில் யாரிடம் அதிகம் கற்றுக்கொண்டாய் என்று கேட்டால் நான் அவரைத்தான் கைகாட்டுவேன். எலும்பு முனையை அவர் உருட்டி, சதையை மடித்து மூடிக் கொடுத்தால், அதன்மேல் கால் மாட்டுவது எனக்குச் செருப்பு மாட்டுவதுபோல. அப்படிப்பட்ட கை. ஆனால் அந்தக் கைக்குச் சொந்தக்காரருக்கு ஒரு கொள்கை இருந்தது. உலகத்தில் பொருள் மட்டும்தான் உண்டு, அளக்க முடியாதது எதுவும் இல்லை, இருப்பதாகத் தோன்றினால் அது தோன்றுவதோடு சரி. தினமும் டீ வேளையில் இதைப் பிரசங்கமாக நடத்துவார்.

"கலா, மனுஷன்னா என்ன? தண்ணி, கொஞ்சம் சுண்ணாம்பு, கொஞ்சம் கரி, அதுக்குள்ள ஓடற கரண்ட். முடிஞ்சுது."

"உங்க பொண்ணு மேல நீங்க வெச்சிருக்கற பாசம்?"

"கெமிக்கல்."

"உங்க மாமியாரைக் கண்டா வர்ற கோபம்?"

"அதுவும் கெமிக்கல்தான். பாட்டில் வேற."

வியாழக்கிழமைகளில் நோயாளிகளைப் பார்க்க ஒரு ஃபாதர் வருவார். அவரும் எங்களோடு டீ குடிப்பார். அன்றைக்குப் பிரசங்கம் இரண்டு மடங்கு நீளும். "ஆத்மா எங்க இருக்குன்னு காட்டுங்க ஃபாதர், கிழிஞ்சிருந்தா இலவசமாத் தெச்சுத் தர்றேன்" என்பார் சர்ஜன். ஃபாதர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பட்டர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே ஒருநாள் கேட்டார்: "எல்லாம் கெமிக்கல்னு நீங்க சொல்றதும் கெமிக்கல்தானே டாக்டர்? எது உண்மை எது பொய்னு கெமிக்கல் எப்படிக் கண்டுபிடிக்குது?" சர்ஜன் ஃபாதரின் டம்ளரைக் காட்டி, "பிஸ்கட் ஊறி உள்ள விழுந்துடுச்சு பாருங்க" என்றார்.

இவர்களுக்கு நடுவில்தான் சூசை வந்து சேர்ந்தார்.

சூசை ஹார்பரில் விஞ்ச் ஓட்டுபவர். கப்பலிலிருந்து சரக்கைக் கம்பிக் கயிற்றில் கட்டித் தூக்குகிற யந்திரம் அது. கயிறு அறுந்து வீசியதில் வலது கால் முட்டிக்குக் கீழே கூழாகிப் போயிற்று. எங்கள் சர்ஜன்தான் எடுத்தார். சூசைக்கு ஐம்பதுக்கு மேல் வயது, கரகரத்த குரல். வார்டில் அவர் ரகசியம் பேசினால் எக்ஸ்ரே அறையில் கேட்கும்.

அவருக்கு முன்னால் ஒரே ஒரு வாசல்தான் திறந்திருந்தது. ஈஸ்டருக்கு அடுத்த வாரம் ஹார்பரின் மருத்துவக் குழு முன்னால் நிற்க வேண்டும். ஊன்றுகோல் இல்லாமல் நடந்து காட்டினால், கேட்டில் நின்று லாரிகளுக்குக் கொடி காட்டுகிற லேசான வேலை கிடைக்கும். நடக்க முடியாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வேலை இல்லாத சூசையை சூசையாலேயே கற்பனை செய்ய முடியவில்லை. அவர் மனைவி பிலோமினாவால் நன்றாகவே முடிந்தது.

"யக்கா, இந்தாளு வூட்டுலயே குந்திகினு என்னிய வேல வாங்க ஆரமிச்சாருன்னா, எங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்குச் சவப்பொட்டி அடிக்கணும்" என்றாள் என்னிடம். சொல்லிவிட்டு வராந்தாப் பக்கம் போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுததையும் நான் பார்த்தேன்.

காலைச் செய்து முடித்தேன். குறை சொல்ல முடியாத கால். அதை மாட்டி, இரண்டு பக்கமும் கம்பி பிடித்து நடக்கும் இடத்தில் நிற்க வைத்தேன். இரண்டு எட்டு வைத்தார். அப்புறம் ஆஸ்பத்திரி அதிர்ந்தது.

"யக்கா, கயட்டு! கயட்டு!"

"எங்க வலிக்குது? முட்டியிலயா?"

"பாதத்துல யக்கா. வெரலெல்லாம் உள்ள மடங்கி இறுகிப் போச்சு. தீயா எரியுது."

"எந்தப் பாதத்துல?"

"இன்னா கேள்வி இது? இல்லாத பாதத்துல தான்."

கழற்றிப் பார்த்தேன். சிவப்பு இல்லை, கொப்புளம் இல்லை, அழுத்திய தடம்கூட இல்லை. மறுபடி மாட்டினேன், மறுபடி கத்தினார். "வேற எவனோ ஒருத்தன் காலுக்குள்ள என் கால இட்டுத் திணிச்ச மாதிரி கீது" என்றார். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கு அதைக் காதில் வாங்கினேனே தவிர, மண்டையில் ஏற்றவில்லை. சர்ஜனைக் கூப்பிட்டேன்.

சர்ஜன் நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தார். "சூசை, உனக்கு அங்க கால் இல்ல."

"தெரியுமே. நீ தானே சார் வெட்ன."

"வெட்டின கால் என்ன ஆச்சு? ஆஸ்பத்திரிக் கழிவு போடற மஞ்சப் பையில போட்டு அனுப்பினோம். எரிச்சிருப்பாங்க."

"அத்தொட்டு தான் எரியுது!"

சர்ஜன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன், சிரிப்பை அடக்க அதுதான் வழி. அவர் பொறுமையாகத் தொடர்ந்தார். "வலி கால்ல இல்ல. உன் மூளையில இருக்கு. மூளைக்குள்ள ஓடற கரண்ட்தான் வலி."

"எண்ணூர் பவர் அவுஸ்ல எம்மாங் கரண்டு எடுக்குறான். அங்க எவனுக்கு வலிக்கிது?"

"அது வேற. மூளையில நரம்பெல்லாம் ஒரு மாதிரி பின்னியிருக்கும். அந்தப் பின்னலுக்குள்ள கரண்ட் ஓடறதைத்தான் நீ வலின்னு சொல்ற."

"சரி சார், பின்னி கீது, கரண்டு ஓடுது, எல்லாம் கரீட்டு. அந்தப் பின்னல்ல குந்திகினு வலிக்கிதுன்னு கத்துறவன் யாரு?"

சர்ஜன் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

அன்று சாயங்காலம் திருவொற்றியூருக்கு வீடு திரும்புகையில், கண்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் பஸ் நின்றுவிட்டது. அந்தச் சாலையில் அப்படி நிற்பதற்கு ஒரு பயன் உண்டு, நிறைய யோசிக்கலாம். சர்ஜன் பொய் சொல்லவில்லை. சூசையின் மண்டையைத் திறந்தால் அவர் சொன்ன பின்னலும் கரண்டும் அங்கே இருக்கும். எரிச்சல் இருக்குமா? எரிச்சலை எந்தத் தட்டில் எடுத்து வைப்பார்? அவர் வெளியே நின்று பார்ப்பதைச் சொல்கிறார், சூசை உள்ளே இருந்து கத்துகிறார். வெளியே இருப்பவர் எத்தனை சரியாகச் சொன்னாலும், உள்ளே இருப்பவர் பொய் சொல்கிறார் என்று ஆகிவிடாது. அந்த வலிக்கு உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான். இவ்வளவும் பஸ் தேரடி நிறுத்தத்தைத் தொடுவதற்குள்ளேயே எனக்கு வந்துவிட்டது. இதை வைத்துக்கொண்டு சூசையை எப்படி நடக்க வைப்பது என்பதுதான் வரவில்லை.

மறுநாள் நடந்ததைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். எல்லாரும் சிரித்தாயிற்று, உங்களுக்கும் தடை இல்லை. சூசை நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வலது கால் முட்டிக்குக் கீழேயே முடிந்துவிட்டதால் அதற்கு முன்னால் வெறும் தரை. நான் பிளாஸ்டர் கிண்ணத்தோடு அவசரமாக வந்து அந்த வெறும் தரையில் காலை வைத்தேன்.

"யம்மோவ்! கால மிதிச்சிகினு கீறியே!" என்று அலறினார்.

நான் துள்ளிப் பின்னால் போனேன். அடுத்த கணம், யார் காலையாவது மிதித்துவிட்டால் நாம் எல்லோரும் செய்வதைச் செய்தேன். குனிந்தேன், அந்த வெறும் தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் காற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "பரவால்ல யக்கா, பாத்து போ" என்றார் சூசை. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் சர்ஜன்.

"கலா, இப்ப யார் காலைத் தொட்டுக் கும்பிட்டீங்க?"

அதற்குப் பிறகு என் மானம் ஆஸ்பத்திரி முழுக்கப் பறந்தது. எங்கள் பிரிவில் காற்றுக்கு மரியாதை செய்கிறார்கள் என்று ஆபரேஷன் தியேட்டரில் சொல்லிச் சிரித்தாராம். காரிடாரில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒதுங்கி நின்று, "பாத்து வாங்க, யாராவது இல்லாம நிக்கப் போறாங்க" என்பார். எனக்குக் கோபம்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மாத்திரையால் சூசைக்குத் தூக்கம் வந்ததே தவிர வலி போகவில்லை என்று தெரிந்ததும், இதே மனிதர்தான் வேலை முடிந்து வண்ணாரப்பேட்டைக்குப் போய், துணிக்கடைகளில் வைப்பதுபோல ஒரு ஆளுயரக் கண்ணாடி வாங்கி, ஆட்டோவில் குழந்தை மாதிரி மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். நோயாளியை விட்டுவிட அவருக்குத் தெரியாது.

கண்ணாடி வைத்தியம் உங்களுக்குப் பாடத்தில் இருக்கும். இருக்கிற காலைக் கண்ணாடிக்கு முன்னால் நீட்ட வேண்டும், இல்லாத காலின் பக்கம் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்துவிடும். கண்ணாடியில் தெரியும் பிம்பம், போன கால் திரும்ப வந்து உட்கார்ந்ததுபோல இருக்கும். விரலை அசைத்தால் அதுவும் அசையும். மூளை ஏமாந்து இறுக்கத்தை விட்டுவிடும். அருமையான வைத்தியம், எத்தனையோ பேருக்குப் பலித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சூசையை உட்கார வைத்தோம். பிலோமினா ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள். சர்ஜன் மந்திரவாதி துணியை விலக்குவதுபோலக் கண்ணாடியைத் திருப்பினார். சூசை உற்றுப் பார்த்தார். குனிந்து பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"இது யார் காலு?"

"உன் கால்தான். நல்லாப் பாரு."

"இன்னா சார் டபாய்க்கிற? இதுல அஞ்சு வெரலு கீது."

"எல்லாருக்கும் அஞ்சுதானே?"

"எனக்கு நாலு தான்."

வலது கால், முட்டிக்குக் கீழே என்று எங்கள் எல்லாக் காகிதத்திலும் இருந்தது. வரும்போதே கூழாகி வந்த காலில் விரல் எண்ண யாருக்கும் தோன்றவில்லை. சர்ஜன் பிலோமினாவைப் பார்த்தார்.

"ஆமா டாக்டரு. வாலிபத்துல விசைப்படகுல போவ சொல்ல நங்கூரச் சங்கிலில மாட்டி சுண்டு வெரலு பூட்ச்சு. பொண்ணு பாக்க வந்தப்போ இந்தாளு ஷூ போட்டுகினு வந்து மறைச்சிட்டாரு. மாப்ள ஷோக்கா கீறாருன்னு எங்க வூட்ல எல்லாரும் மெர்சலாயிட்டாங்க. கல்யாணத்தன்னிக்கு தான் தெரியும்."

"எங்ககிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லியே. மாதா கிட்ட சொல்லிட்டேன்."

மாதா கோயிலில் நேர்த்திக்கடனாக வைக்க மெழுகுப் பாதம் வாங்கப் போயிருக்கிறாள். கடையில் இருந்ததெல்லாம் ஐந்து விரல் பாதம். வாங்கி வந்து அரிவாள்மனையில் சுண்டு விரலை நறுக்கிவிட்டுத்தான் கோயிலில் வைத்தாளாம். "நறுக்காம வெச்சா வேற யாருக்குன்னா போய்டும் இல்ல?" என்று எங்களையே திருப்பிக் கேட்டாள். சர்ஜன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அறுத்தவர், அளந்தவள் என்று ஆஸ்பத்திரியில் இத்தனை பேர் இருக்க, சரியான அளவு போய்ச் சேர்ந்தது கோயிலுக்கு மட்டும்தான்.

எனக்கு அப்போதுதான் அந்தப் பழைய வாக்கியம் மண்டையில் ஏறியது. வேறு எவனோ ஒருவன் காலுக்குள் திணித்ததுபோல இருக்கிறது என்றாரே! சூசையின் இடது கால் சுண்டு விரலை உள்பக்கம் மடித்து, தோல் நிறப் பிளாஸ்திரி போட்டு வெளியே தெரியாமல் ஒட்டினேன். மறுபடி கண்ணாடி. இப்போது நாலு விரல்.

சூசை மூக்கு கண்ணாடியில் படும் அளவுக்குக் குனிந்தார். "மெதுவா விரலை விரி" என்றார் சர்ஜன். விரித்தார். மடக்கினார். விரித்தார். முகத்தில் வியர்வை பொத்துக்கொண்டு வந்தது.

"தொறக்குது யக்கா" என்றார். "வெரலு தொறக்குது."

சொல்லிவிட்டு அவ்வளவு பெரிய மனுஷன் ஓவென்று அழுதார். பிலோமினா அழுதாள். நானும் அழுதேன், எனக்கு அதில் வெட்கம் கிடையாது. சர்ஜன் கண்ணாடியில் இல்லாத அழுக்கைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

தினமும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்ததில் எரிச்சல் வெகுவாகக் குறைந்தது. ஆனால் செயற்கைக் காலை மாட்டியதும் மறுபடி இறுகியது. காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. நம் ரப்பர் பாதத்தில் அழகுக்காக ஐந்து விரல் வார்த்திருப்பார்கள் அல்லவா? நான் ரம்பத்தை எடுத்தேன்.

"என்ன பண்றீங்க?" என்று ஓடிவந்தார் சர்ஜன். "அது ரப்பர். அதுல நரம்பு கிடையாது. அதுக்கு மேல ஷூ வேற போடப்போறார். உள்ள எத்தனை விரல் இருக்குன்னு மூளைக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே சார்" என்றார் சூசை.

அறுத்தேன். ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கி மாட்டினேன். சூசை எழுந்தார். இரண்டு எட்டு, நாலு எட்டு, கம்பியை விட்டுவிட்டு ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பினார். "இப்போ இது என் காலு" என்றார். நம்புகிறவருக்கு வேலை செய்கிற வெறும் மாத்திரை மாதிரி இது என்று சர்ஜன் அதற்கு ஒரு இங்கிலீஷ் பெயர் சொன்னார். பெயர் வைப்பதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. வைக்கட்டும். பெயர் வைத்தவுடன் விஷயம் புரிந்துவிட்டது என்று நினைப்பதில்தான் எனக்குச் சம்மதம் இல்லை.

இதற்காக நீங்கள் எதிர்ப்பக்கம் போய் விழுந்துவிடவும் வேண்டாம். வெட்டிய காலின் ஆவி சுற்றுகிறது, எண்ணெய் தடவி ஓட்டுகிறேன் என்று ஒருவன் பிலோமினாவைத் தேடி ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்தான். பிளாஸ்டர் கரைத்த தண்ணீரை அவன்மேல் ஊற்றுவதாக நான் பயமுறுத்தியதும் போய்விட்டான். சர்ஜனோடு சண்டை போடலாம், நாளைக்கே அவர் கண்ணாடி வாங்கி வருவார். அவனோடு பேசி என்ன கிடைக்கும்?

அந்த வியாழக்கிழமை ஃபாதர் வந்தபோது சூசை அவரைப் பிடித்துக்கொண்டார். "ஃபாதர், கடைசி நாள்ல நாமெல்லாம் ஒடம்போட எழுந்திரிப்போம் தானே? அப்போ இந்தக் காலு திரும்பக் கெடைக்குமா?"

"கெடைக்கும் சூசை. முழுசாக் கெடைக்கும்."

"முழுசான்னா எத்தினி வெரலு?"

ஃபாதர் யோசிக்காமல் "அஞ்சு" என்றார். சூசையின் முகம் கறுத்துவிட்டது. "அங்கயும் வேற எவன் காலையோ குடுப்பாங்களா?" என்றார். சர்ஜனுக்கு அன்று பண்டிகை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, "சொல்லுங்க ஃபாதர், சொல்லுங்க" என்றார். ஃபாதர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார்.

"ஆண்டவர் உயிர்த்து வந்தப்போ கையில ஆணி அடிச்ச காயம் அப்படியே இருந்துச்சு. மறைஞ்சு போகல. அதைக் காட்டித்தான் நான்தான்னு சொன்னார்" என்றார். "உனக்கு நாலு விரல்தான் சூசை. நான் பொறுப்பு. ஆனா மாத்திரையை நிறுத்தாதே."

சர்ஜன் ஃபாதருக்கு இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தார்.

குழு கூடும் நாள் வந்தது. நான், சர்ஜன், சூசை, பிலோமினா எல்லோரும் போனோம். கதவுக்கு வெளியே நிற்கும்போது சர்ஜன் என்னை எச்சரித்தார். "உள்ள ஆத்மா, மெழுகு, மாதா எதுவும் வரக்கூடாது. விரலைப் பத்திக் கேட்டா 'தோற்ற மாற்றம்'னு சொல்லிட்டு நகர்ந்துடுவோம். அங்க இருக்கறவங்க எல்லாம் என்னை மாதிரி டாக்டருங்க."

குழுவின் தலைவி ஒரு கண்டிப்பான அம்மாள். ஷூவைக் கழற்றச் சொன்னார். ரப்பர் பாதத்தைக் கையால் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஒரு விரல் இல்லையே. குறையுள்ள பொருளைக் கொடுத்திருக்காங்க. இதை ஏத்துக்க முடியாது. வேற பாதம் மாட்டிட்டு அடுத்த தடவை வாங்க."

அடுத்த தடவை என்றால் அந்தக் கொடி வேறு யார் கைக்காவது போயிருக்கும். சூசையின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. கதவிடுக்கில் பிலோமினாவின் ஜெபமாலை நின்றுவிட்டது. நான் சர்ஜனைப் பார்த்தேன். அவர் "தோற்ற" என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். சூசையின் முகத்தைப் பார்த்தார்.

"மேடம், அது குறை இல்ல. அவர் கால் அப்படித்தான்."

"கால் எங்க இருக்கு டாக்டர்? இது ரப்பர்."

"ரப்பர்தான் மேடம். ஆனா கால் அவரோடது." சர்ஜனின் நெற்றியில் வியர்த்திருந்தது. "அவர் காலுக்கு நாலு விரல்தான். அஞ்சாவது இருந்தாத்தான் குறை."

தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க சொல்றது எனக்குப் புரியல."

"எனக்கும் முழுசாப் புரியல. நடக்கச் சொல்லிப் பாருங்க."

சூசை நடந்தார். சுவர் வரைக்கும் போனார், திரும்பினார், மேஜையைச் சுற்றி வந்தார். கேட்காமலே இன்னொரு தடவை சுற்றினார். "போதும், போதும், உக்காருங்க" என்று சொல்லித் தலைவியே நிறுத்த வேண்டியிருந்தது. கையெழுத்து விழுந்தது.

பிள்ளைகளே, உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். அளக்க முடிந்ததையெல்லாம் அளந்துவிடுங்கள், சோம்பல் படாதீர்கள். அளந்து முடித்த பிறகு, எதிரே இருப்பவரிடம் இது உங்கள் கால்தானா என்று ஒரு தடவை கேளுங்கள். எங்கள் சர்ஜன் அன்றைக்குப் பிறகு எல்லோரிடமும் கேட்டார். தன் கொள்கையை மாற்றிக்கொண்டாரா என்றால் இல்லை, டீ வேளைப் பிரசங்கம் அவர் ரிடையர் ஆகும்வரை நடந்தது.

அன்றைக்குக் குழு அறையை விட்டு வெளியே வந்தபோது வராந்தாவில் ஒரே கூட்டம். பிலோமினா சூசையைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டே திட்டிக்கொண்டிருந்தாள். சர்ஜன் சந்தோஷத்தில் ஃபாதருக்குப் போன் போட்டுக்கொண்டு, முன்னால் பார்க்காமல் வந்து, தன் கனத்த ஷூவால் சூசையின் வலது பாதத்தை நச்சென்று மிதித்தார்.

"ஐயோ!" என்று துள்ளினார் சர்ஜன். துள்ளிய வேகத்திலேயே குனிந்து, அந்த நாலு விரல் ரப்பர் பாதம் இருந்த ஷூவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நிமிரும்போது நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டார்.

"ரிஃப்ளெக்ஸ்" என்றார். "தண்டுவடத்தோட முடிஞ்சுடும். மூளைக்குக்கூடப் போகாது."

"நான் ஒண்ணும் கேக்கலையே டாக்டர்."

சூசை ஒரு தடவை தன் பாதத்தைப் பார்த்தார். ஒரு தடவை சர்ஜனைப் பார்த்தார். பிறகு அவர் தோளில் ஆறுதலாகத் தட்டிக் கொடுத்தார்.

"உடு சார், வலிக்கல. வெறும் ரப்பரு."